கிள்ளிப் போட்ட தாள்

“உங்கள ஒண்ணு கேக்கணும் மேடம்.”

“கேளுங்க.”

“இல்ல, இப்ப வேணாம். வெங்காயம் எடுக்கட்டும்.”

“எந்த வெங்காயம்? இப்ப நிக்கிறதா, அடுத்த பட்டமா?”

“எது நல்லா வருதோ, அது.”

சொல்லிவிட்டு ராஜவேல் மோட்டார் கொட்டகைக்குள் போய்விட்டான். ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை எதற்கோ நிறுத்தினான், மறுபடி போட்டான். வரப்பில் நின்றிருந்த தேவயானிக்குச் சிரிப்பு வந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஒருவன் மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அது முதல் வருடத்து ஐப்பசி. அதற்கப்புறம் பல தடவை வெங்காயம் எடுத்தாயிற்று. எதுவும் அவன் நினைத்த மாதிரி நன்றாக வரவில்லை போலிருக்கிறது. கேட்க நினைத்ததை அவன் கேட்கவே இல்லை. என்ன கேட்க வந்தீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. மூன்றாவது வருடத்துக் கார்த்திகையில், பெரம்பலூர் ஆபீஸிலிருந்து பாடாலூர் திரும்பும் பஸ்ஸில், மழைத்தண்ணீர் வழியும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்தப் பேச்சைத்தான் தேவயானி மறுபடி நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. மனசு கனக்கிற நாளில் அந்த மோட்டார் சத்தம் கேட்டால் கொஞ்சம் இலேசாக இருக்கும்.

தேவயானி அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிக்காரி. வேளாண்மையில் மேல்படிப்பு முடித்துவிட்டு, மத்திய அரசின் ஆராய்ச்சி நிதியில் நடக்கிற ஒரு திட்டத்தில் சேர்ந்திருந்தாள். சின்ன வெங்காயத்தில் விழுகிற திருகல் நோயை, வயலே பழுத்துப் போவதற்கு முன்னால், போனில் எடுத்த படத்தைப் பார்த்து செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதுதான் திட்டம். அந்த நோய்க்கு ஊரில் கோழிக்கால் என்று பெயர். வெங்காயத்தின் இலையான தாள் முறுக்கிக்கொண்டு, மஞ்சளாகி, கோழியின் கால்விரல் மாதிரி வளைந்துகொள்ளும். மழைக்காலத்தில் ஒரு மூலையில் விழுந்தால் ஒரே வாரத்தில் வயலைத் தின்றுவிடும். தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் பாதிக்கு மேல் காப்பாற்றலாம். அந்தத் தொடக்கம் எப்படி இருக்கும் என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கான படங்கள் தேவைப்பட்டன. பாடாலூரைச் சுற்றியிருக்கும் வயல்களுக்கு வாரம் தவறாமல் போய்ப் படம் எடுத்து அனுப்புவது அவளுடைய வேலை.

வேலையில் சேரப் புறப்பட்டபோது அவளுடைய அப்பா அமிர்தலிங்கம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அடுத்தவங்க கொல்லையில கால வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவணும்மா. சொல்லாம போறவன் திருடன்.” அதனால் ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் சாயங்காலமே எல்லோருக்கும் போன் போட்டுவிடுவாள். நாளைக்குக் காலையில வரேன் அண்ணே, நாளைக்கு உங்க வயல் பக்கம் வரேன் பெரியப்பா. அந்த மரியாதை எல்லோருக்கும் பிடித்துப்போனது. வேறு ஆபீஸ்களிலிருந்து வருகிறவர்கள் செருப்போடு பாத்திக்குள் இறங்குவார்கள். இந்தப் பொண்ணு சொல்லிக்கொண்டு வருகிறது, செருப்பை வரப்பில் விட்டுவிட்டு இறங்குகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லோரையும் அண்ணே, பெரியப்பா, மாமா என்று கூப்பிடுகிறவள் ராஜவேலை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. போனில்கூட, “நான்தான் பேசறேன், நாளைக்கு வரேன்” என்பதோடு சரி. அண்ணே என்று ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் அப்புறம் அதை எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். இதை ராஜவேல் கவனித்தானோ இல்லையோ, அவனுடைய அம்மா பஞ்சவர்ணம் கவனித்திருந்தாள்.

பஞ்சவர்ணத்துக்கு வாய் சும்மா இருக்காது. “ஏம் பாப்பா, நீ படம் புடிக்கிறியே, அந்தக் கம்ப்யூட்டரு வெங்காயம் உரிச்சா அதுக்குக் கண்ணு கலங்குமா?” என்பாள். ஒரு நாள் காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, மகனுக்குப் பெண் அமையாத கதையையும் அப்படித்தான் சொன்னாள்.

“விவசாயின்னா எவன் பொண்ணு குடுக்குறான்? ஒரு வூட்டுக்காரங்க மனசு வந்து வந்தாங்க. வந்தவங்க வயலப் பாக்கணும்னாங்க. அந்தச் சமயம் பாத்து கோழிக்கால் விழுந்து கெடக்குது. பாத்தாங்க, காப்பி குடிச்சாங்க, போயிட்டாங்க. காப்பி நல்லாத்தான் இருந்துச்சு.”

தேவயானி சிரித்தாள். எடுத்த வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிற பட்டறையின் மேல் கீற்றுக் கட்டிக்கொண்டிருந்த ராஜவேல் திரும்பியே பார்க்கவில்லை.

மீன்சுருட்டியில் அமிர்தலிங்கத்துக்கும் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு வரன் ரொம்ப நாளாகக் காத்திருந்தது. “ப்ராஜெக்ட் முடியட்டும், ப்ராஜெக்ட் முடியட்டும்னு மூணு வருஷம் ஓட்டிட்ட. அவங்க பணத்த நீட்டிச்சாங்கன்னா நீ அங்கயே இரு, நான் வாயத் தொறக்கல. நீட்டிக்கலேன்னா வூட்டுக்கு வந்து நான் சொல்றதக் கேளு. சரியா?” என்றார். தேவயானி சரி என்றாள். இரண்டாம் கட்ட நிதி வந்துவிடும் என்று எல்லோரையும் போல அவளும் நம்பியிருந்தாள். இன்னும் மூன்று வருடம். இன்னும் எத்தனை வெங்காயம். அதில் ஒன்றாவது நன்றாக வராமலா போய்விடும்?

பஸ் பாடாலூரில் நின்றபோது மழை தூறலாகியிருந்தது. அன்றைக்கு அவள் போக வேண்டியிருந்தது பெரியசாமியின் வயலுக்கு. அந்தப் பருவத்தில்தான் செயலியை முதல் முதலாக விவசாயிகளின் போனிலேயே ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். பெரியசாமி சந்தோஷமாக வாங்கிக்கொண்டவர். காலையில் போன் போட்டு, “கொஞ்சம் வந்துட்டுப் போம்மா” என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு உடனே கிளம்பிவிட்டாள்.

செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வயலில் இறங்கினாள். பாத்தி பாத்தியாகத் தாள் மடிந்து கிடந்தது. பெரியசாமி ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி அழுத்தினார். கூழாக வழிந்தது. அந்த நாற்றம் மழையையும் மீறி வந்தது.

“போன வாரம் ஒரு மூலையில லேசா மஞ்ச தட்டுற மாதிரி இருந்துச்சு. எம் பொண்டாட்டி மருந்து அடிச்சிருவோம்னா. நான்தான், இரு, நம்ம பாப்பா போன்ல ஏத்திக் குடுத்ததுல காட்டிப் பாப்போம்னேன். காட்டுனேன். ‘பயிர் நலம்’னு பச்சையா வந்துச்சு. மறுநாளும் காட்டுனேன், நலம். அதுக்கு மறுநாளும் நலம்.” அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வெங்காயம் நல்லா இருக்குன்னு உங்க போனுக்குத் தெரிஞ்சிருக்கு. வெங்காயத்துக்குத்தான் தெரியல.”

“அண்ணே...”

“உன்னச் சொல்லல. நீ என்ன பண்ணுவ? எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் இப்ப எதிர்ல வந்துடாத. கொதிச்சுக் கெடக்குறா.”

அவள் படம் எடுக்கப் போனபோது ஈரக் கையிலிருந்து போன் நழுவிச் சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. துடைத்து எடுத்தாள். திரை ஒரு தடவை மினுங்கிவிட்டு அணைந்துபோயிற்று.

அதனால்தான் அன்று சாயங்காலம் அவள் யாருக்கும் போன் போடவில்லை. பாடாலூரில் இருந்த வாடகை அறையில் போனை அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் கிளம்பி நேராக ராஜவேலின் வயலுக்குப் போனாள். பெரியசாமியின் வயலுக்குக் கிட்டத்திலேயே அவனுடைய வயலும். இங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, வருகிறேன் என்று சொல்லாமல் ஒரு வயலுக்கு அவள் போனாள்.

பஞ்சவர்ணம் பாத்திக்குள் குந்தியிருந்தாள். பக்கத்துப் பாத்தியில் ராஜவேல். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கூடை. களை எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. கூடையில் களை இல்லை, வெங்காயத் தாள். மஞ்சள் தட்டிய தாள், நுனி முறுக்கிய தாள், வெள்ளைப் புள்ளி விழுந்த தாள். அம்மாவும் மகனும் ஒவ்வொரு செடியாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடித்துவிட்டு வந்த பக்கம் வயல் பச்சைப் பசேல் என்று, படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றது.

“என்ன பண்றீங்க?” என்றாள்.

ராஜவேல் திடுக்கிட்டு எழுந்தான். கையில் இருந்த தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“இன்னிக்கு வரேன்னு சொல்லலியே மேடம்...”

“என்ன பண்றீங்க அத்த?” என்று அவள் பஞ்சவர்ணத்தைக் கேட்டாள்.

பஞ்சவர்ணம் சாவகாசமாக முந்தானையில் கையைத் துடைத்தாள். “இன்னிக்கு உன் மொற நாளாச்சே. நீ போன் பண்ணலேன்னாலும் எப்படியும் வருவேன்னுதான் சுத்தம் பண்றோம். எப்பவும் பண்றதுதான் பாப்பா. வூட்டுக்கு ஆளு வர்ற அன்னிக்கு அழுக்குத் துணியக் கொடியிலயா தொங்கவுட்டு வெப்பாங்க? அதுலயும் படம் புடிக்க வர்ற. டெல்லிக்குப் போவுது படம்னு நீதான சொன்ன?”

“எப்பவுமேவா?”

“நாங்க மட்டுமா? எல்லாரும்தான். நீ போன் போட்டதும் ஊரே வயல்ல எறங்கிடும்.”

“அப்ப ரொம்ப விழுந்துட்டா? கிள்ள முடியாத அளவுக்கு ஆயிட்டா?”

பஞ்சவர்ணம் மகனைப் பார்த்தாள். ராஜவேல் மெதுவாகச் சொன்னான். “மருந்து அடிச்சிருக்கோம், இன்னிக்கு எறங்காதீங்கன்னு சொல்லுவோம்.”

தேவயானி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஈரம் புடவையில் ஏறுவதுகூடத் தெரியவில்லை. மூன்று வருடத்துப் படங்கள் கண்ணுக்கு முன்னால் ஓடின. நன்றாக இருக்கிற வயலின் படம் இருக்கிறது. முழுசாகச் செத்துப்போன வயலின் படமும் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. நோயின் தொடக்கம் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுக்கத்தான் அவள் வந்தாள். அந்தத் தொடக்கத்தைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து, அவளுக்கு மரியாதை செய்வதற்காக, கிள்ளிப் போட்டுவிட்டார்கள். மிச்சம் மீதி இருந்த இலேசான மஞ்சளையெல்லாம் நல்ல பயிர் என்று கணினி படித்துக்கொண்டது. அதைத்தான் பெரியசாமிக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறது.

“ஏன் சொல்லல?” என்றாள் ராஜவேலைப் பார்த்து. “மத்தவங்கள விடுங்க. எதுக்குப் படம் எடுக்கறேன்னு உங்ககிட்ட உக்காந்து எத்தன தடவ சொல்லியிருக்கேன். நீங்களாவது சொல்லியிருக்கலாமே.”

அவன் கூடையைப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்து, கசங்கிய தாளைக் கூடையில் போட்டான். வயலைப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனவர்களின் கதை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்து, செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே ரோட்டுக்குப் போய்விட்டாள்.

திட்டத்தின் தலைமை ஆய்வாளர் கிருஷ்ணமூர்த்தி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“அடுத்த வாரம் ரிவ்யூ. அதுல இத சொன்னா ரெண்டாம் கட்டம் கெடைக்காது தேவயானி. மூணு வருஷப் படமும் உபயோகமில்லன்னு நாமே எழுதிக் குடுக்குற மாதிரி. உன்ன மாதிரி எத்தன புள்ளைங்க இந்தச் சம்பளத்த நம்பி இருக்கீங்க, யோசிச்சியா?”

“சொல்லலேன்னா சார்?”

“இந்த வருஷம் மழை அதிகம், இன்னும் தரவு வேணும்னு கேட்போம். நீட்டிப்பாங்க. அப்பறம் மெதுவா சரி பண்ணிக்கலாம். சொல்லாம போய்ப் படம் எடு, அவ்வளவுதானே?”

“அது வரைக்கும் அந்தச் செயலி ஊர்ல இருக்குமே சார். இன்னொரு பெரியசாமி அண்ணன் அதக் காட்டிப் பாப்பாரே.”

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “போயிட்டு வாம்மா” என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு வாரம் தேவயானி தூங்கினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பேசாமல் இருந்துவிட்டால் போதும். இன்னும் மூன்று வருடம் பாடாலூரில் இருக்கலாம். அப்பா வாய் திறக்க மாட்டார். மோட்டார் கொட்டகைக்குள் போனவன் ஒரு நாள் வெளியே வந்து கேட்டுவிடுவான். இவ்வளவும் அவளுடைய ஒரு மௌனத்தில் இருந்தது. கண்ணை மூடினால் பெரியசாமியின் உள்ளங்கையில் வழிந்த கூழ் வந்து நின்றது.

ரிவ்யூ காணொளியில் நடந்தது. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். கிருஷ்ணமூர்த்தி மழை அளவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது குழுவிலிருந்த ஒரு அம்மையார் குறுக்கிட்டார். ஆய்வுப் பண்ணையில் சரியாகச் சொல்கிற செயலி, விவசாயிகளின் வயலில் மட்டும் ஏன் இப்படித் தவறுகிறது? களத்துக்குப் போகிறவர் யார், அவரிடமே கேட்கலாமா?

கிருஷ்ணமூர்த்தி மைக்கைத் தேவயானி பக்கம் நகர்த்தினார். அவளைப் பார்க்கவில்லை.

“படம் எடுக்கறதுக்கு முந்தின நாளே வரேன்னு நான் எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போவேன் மேடம்” என்று அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். குரல் அவளுடைய குரல் மாதிரியே இல்லை. “போன வாரம் வரைக்கும் ஒரு தடவைகூட நான் சொல்லாம போனதில்ல. தப்பு அங்க இருக்கு.” கிள்ளிப் போட்ட தாள்களைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். விவசாயிகள் ஏமாற்றினார்கள் என்று ஒருவர் சொல்ல வந்தபோது, இல்லை, அவர்கள் விருந்தாளிக்கு வீடு பெருக்கினார்கள், விருந்தாளியாகப் போனது நான் என்றாள். யாருடைய வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

மார்கழிக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு நிதி இல்லை. செயலியை உடனே நிறுத்திவிட வேண்டும். மழையும் ஈரமும் அளக்க வயல்களில் நட்டிருக்கும் கருவிகளை எடுத்துக்கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும். கள ஆய்வாளரின் நேர்மையைக் குழு பாராட்டுகிறது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்தபோதுதான் தேவயானிக்கு அழுகை வந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அமிர்தலிங்கம் சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. “வந்துடும்மா. ஞாயித்துக்கெழம அரியலூர்க்காரங்க வரேன்றாங்க. உனக்குப் புடிக்கலேன்னா அப்ப பாத்துக்கலாம்” என்றார். அவர் அப்படி மென்மையாகப் பேசியதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொரு வயலாகப் போய்க் கருவிகளைக் கழற்றினாள். ஊரில் பேச்சு பலவிதமாக இருந்தது. “படிச்ச பொண்ணு, எங்க மேலயே பழியப் போட்டுட்டுப் போவுது” என்று டீக்கடையில் ஒருவர் அவள் காதில் விழும்படியே சொன்னார். பெரியசாமிதான் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். “அந்தப் பொண்ணு எனக்காக வேலைய வுட்டுருக்கு, வாய மூடுறா” என்றார். அவருடைய மனைவி ஒரு பையில் முருங்கைக்கீரை கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியாக ராஜவேலின் வயல்தான் மீதி இருந்தது. அந்தக் காலை நேரத்துக்கு அப்புறம் அவனை அவள் பார்க்கவே இல்லை. வருகிறேன் என்று சொல்ல முதல் நாள் போனை எடுத்தாள். அவள் நம்பரை அழுத்துவதற்குள் அவனே கூப்பிட்டான். மூன்று வருடத்தில் அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கு வருவீங்கன்னு பெரியசாமி அண்ணன் சொன்னாரு.”

“ஆமா. காலையில...”

“எப்பன்னு சொல்லாதீங்க. சும்மா வாங்க.” அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஆனால் வெயிலும் இல்லை. வானம் அழுக்குப் போர்வை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பைகளையெல்லாம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, அவள் வரப்பில் நடந்து போனாள். தூரத்திலேயே நாற்றம் வந்துவிட்டது.

வயல் முழுக்கக் கோழிக்கால். ஒரு தாள்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. யாரும் எதையும் கிள்ளவில்லை. மஞ்சளும் பழுப்புமாக, முறுக்கிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அப்படியே விட்டிருந்தது. மருந்து அடித்திருக்கிறோம், இறங்காதீர்கள் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. வரப்பில் ராஜவேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெறும் கூடை கவிழ்ந்து கிடந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். வயலின் நடுவில் நட்டிருந்த கருவிக் கம்பத்தை அசைத்தாள். வரவில்லை. அவனும் இறங்கி வந்து ஒரு பக்கம் பிடித்தான். இரண்டு பேருமாக இழுத்தார்கள். கம்பம் வந்த குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கெளம்பறீங்களா?”

“ஆமா. பெரம்பலூர் போயி, அரியலூர் பஸ் புடிக்கணும்.”

“பொண்ணு பாக்க வராங்களாம். அம்மா சொல்லிச்சு.”

“அத்தைக்கு யாரு சொன்னாங்க?”

“அம்மாவுக்குத் தெரியாம இந்த ஊர்ல எது நடக்குது?” என்றான். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, வராமலே போயிற்று. “உங்க வேல போனது என்னாலதான். அன்னிக்கே நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா...”

“போன் பண்ணிட்டு வந்தது நான்.”

“நீங்க போன் பண்ணா, விடியறதுக்குள்ள இந்த வயலு நல்ல வயலா இருக்கணும்னு தோணும். வேற ஒண்ணும் இல்ல. படம் டெல்லிக்குப் போறதெல்லாம் எனக்கு ஒரு கணக்கே இல்ல மேடம். நீங்க பாக்குறீங்க, அதான்.”

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அவளுடைய பஸ் அது இல்லை. திருச்சிப் பக்கம் போகிறது. இருந்தாலும் அவள் திரும்பிப் பார்த்தாள். கம்பத்தைத் தூக்கித் தோளில் வைக்கப் போனாள். அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கி வரப்பில் சாய்த்து வைத்தான்.

“ஒரு நாள் ஒண்ணு கேக்கணும்னீங்க” என்றாள் தேவயானி. எப்படி அவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை. “எது நல்லா வருதோ அந்த வெங்காயம் எடுத்ததும் கேக்கறேன்னீங்க.”

ராஜவேல் வயலைப் பார்த்தான்.

“நல்லா வராதுங்க. ஒரு வருஷம் வந்தா ரெண்டு வருஷம் வராது. அது தெரிஞ்சுதான் சொன்னேன் போலருக்கு, கேக்காமலே இருந்துடலாம்னு.” அவன் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டான், மழை இல்லை. “இந்தா கெடக்குது பாருங்க, இதான் என் வயலு. அம்மாவுக்கு முட்டி போச்சு, இனிமே நடவுக்கு எறங்க முடியாது. வூடு வடக்குப் பக்கம் ஒழுவுது, குண்டானு வெச்சிருக்கோம். கோவம் வந்தா ரெண்டு நாளு யார்கிட்டயும் பேச மாட்டேன், அம்மாவக் கேட்டுப் பாருங்க. அடுத்த பட்டம் விதை வெங்காயத்துக்கு என்ன பண்ணப் போறேன்னு தெரியல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு தாளுகூடக் கிள்ளிப் போடல.”

அவள் அவனையே பார்த்தாள். சேறு அப்பிய காலும், வெளுத்த சட்டையும், நிமிரத் தெரியாத அந்தத் தலையும். மோட்டார் கொட்டகை பக்கத்திலேயே இருந்தது. அவன் அதற்குள் போகவில்லை.

“எங்க வூட்டுக்கு வந்துடறீங்களா, தேவயானி?” என்றான்.